ஏ9 வீதியும் ஒரு குப்பி இன்சுலினும்

வன்னிப் போரைப் பற்றி எழுதியவர்கள் களமுனைகளையும் இடப்பெயர்வுகளையும் காயமடைந்தோரையுமே பெரிதும் எழுதினார்கள். சலரோகம், குருதியமுக்கம், வலிப்பு, ஆஸ்துமா எனத் தீராத வருத்தங்களோடு அந்த மண்ணில் வாழ்ந்தவர்கள் அப்பக்கங்களில் அரிதாகவே தென்படுகிறார்கள். காயத்துக்கு ஒரு திகதி உண்டு. நாட்பட்ட நோய்க்குத் திகதி இல்லை. மாதந்தோறும் மருந்துதான் வேண்டும். ஆகவே வன்னியில் இந்நோய்களின் வரலாறு, மருந்து வந்த பாதையின் வரலாறேயாகும்.

1990 ஜூனில் இரண்டாம் ஈழப்போர் மூண்டதைத் தொடர்ந்து வடக்கின் மீது பொருளாதாரத் தடை இறுகியது. எரிபொருள், பற்றரி, சீமெந்து போன்றவை தடைப்பட்டியலில் இருந்தன. மருந்துகளைச் சுகாதார அமைச்சு ஒதுக்கினாலும், பாதுகாப்பு அமைச்சின் அனுமதியின்றி அவை வன்னிக்குள் செல்ல முடியாது. தேசிய மின்வழங்கலும் அறுந்திருந்தது.

இந்த நிலையில் இன்சுலினை எண்ணிப் பாருங்கள். 1922 ஜனவரியில் கனடாவின் ரொறன்ரோ நகரில் ஒரு சிறுவனுக்கு முதன்முதலாக ஏற்றப்பட்ட அம்மருந்து, அதுவரை சாவையே முடிவாகக் கொண்டிருந்த ஒரு நோயை, வாழ்நாள் முழுவதும் கூடவே வைத்திருக்கக்கூடிய நோயாக மாற்றியது. ஆனால் திறக்காத குப்பியை 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில் வைக்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டிக்கு மின்சாரம் வேண்டும், மின்பிறப்பாக்கிக்கு எரிபொருள் வேண்டும், எரிபொருளோ தடைப்பட்டியலில். இவ்வாறு, மருந்துக்கு அனுமதி கிடைத்தாலும் அதைப் பேணும் வழிக்கு அனுமதி இல்லை.

இதற்கிடையே மருத்துவமனைகளும் நோயாளரும் ஓடிக்கொண்டே இருந்தனர். 1996இல் 'சத்ஜய' படை நடவடிக்கையோடு கிளிநொச்சி நகரம் வெறிச்சோடியது. 1997 மே 13இல் தொடங்கிய 'ஜயசிக்குறு' நடவடிக்கை ஏ9 வீதியையே போர்க்களமாக்கியது. ஒவ்வோர் இடப்பெயர்விலும் கிளினிக் கொப்பி தொலைந்தால், என்ன மருந்து, எத்தனை அலகு என்ற கணக்கும் நோயாளியின் நினைவிலேயே தங்கியது.

2002இன் போர்நிறுத்தத்தோடு வீதி திறந்தபோது, ஓமந்தை வழியாக மருந்தும் வந்தது. நோயாளரும் வவுனியாவுக்கும் கொழும்புக்கும் போய்வந்தனர். அந்த மூச்சு நீடிக்கவில்லை. 2006 ஆகஸ்டில் முகமாலை வாயில் மூடப்பட்டது. 2008 செப்டெம்பரில் ஐ.நா. அமைப்புகள் வன்னியை விட்டு வெளியேற நேர்ந்தது. 2009 பெப்ரவரி முதல் மே வரை, சர்வதேச செஞ்சிலுவைச் சங்கம் காயமடைந்தோரும் நோயாளரும் உடன்சென்ற உறவினருமாக 13,000இற்கும் மேற்பட்டோரைக் கடல் வழியே வெளியேற்றியது. அக்கப்பலில் இடம் கேட்டு நிற்கையில், குருதி கொட்டும் காயத்தின் முன்னால் சலரோகக்காரர் எதைக் காட்டி இடம் கேட்பார்? முறை பார்த்து ஏற்றியவரையும் குறைசொல்ல முடியாது.

பின்னாளில் ஓர் உண்மை தெரியவந்தது. கென்யாவின் டடாப் அகதி முகாமில், எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவாப் பல்கலைக்கழகமும் இணைந்து செய்த ஆய்வு 2021இல் வெளியானது. 25 முதல் 37 பாகை வரை ஏறியிறங்கும் வெப்பத்திலும் இன்சுலின் நான்கு வாரங்கள் வீரியம் குன்றாதிருக்கிறது என்று அது காட்டியது. குளிர்சாதனப் பெட்டி இல்லாத குடிசையிலும் ஒரு மாத மருந்தை நம்பி வைத்திருக்கலாம் என்பதே இதன் பொருள். முள்ளிவாய்க்காலுக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் பிந்தி வந்த அறிவு இது.

2022இல் இலங்கை முழுவதும் மருந்துக்குத் தட்டுப்பாடு வந்தது. தென்னிலங்கை மக்களும் மாத்திரைக்காக மருந்தகம் மருந்தகமாக அலைந்தனர். வன்னி பல ஆண்டுகள் அனுபவித்ததை அன்று முழு நாடும் சில மாதங்கள் அனுபவித்தது எனலாம்.

போரில் இறந்தோரை எண்ணும் முயற்சிகள் இன்னும் தொடர்கின்றன. செல் பட்டு இறந்தவரோடு, மருந்து வராமையால் இறந்தவரையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். அவர்களைக் கொன்றது நோய் என்று மட்டும் எழுதி முடித்துவிடுவது, பாதையை மூடியவர்களுக்கு நாம் கொடுக்கும் விடுதலைப் பத்திரமாகிவிடும்.