உப்பும் குழம்பும்: ஒரு மிக்ஸிங் மேசையின் கதை

1966 ஏப்ரல் 7. லண்டன் ஆபி ரோடு தெருவிலிருந்த இ.எம்.ஐ. ஸ்டுடியோ. கட்டடத்தின் வெவ்வேறு அறைகளில் டேப் மெஷின்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றிலும் முனைகள் ஒட்டப்பட்டு வளையமான ஒரு துண்டு டேப். அது மெஷினை விட நீளமாக இருப்பதால், தொய்ந்துபோகாமல் பென்சிலில் மாட்டி இழுத்துப் பிடித்தபடி ஊழியர்கள் நிற்கிறார்கள். வெள்ளைக் கோட்டு போட்ட டெக்னீஷியன்கள் சாதாரணமாக நடமாடும் இடம் அது. ஆஸ்பத்திரி மாதிரி ஒழுங்கு. அன்றைக்கு அவர்கள் பிடித்திருந்த டேப்பில் கடற்பறவை கத்துவது போல ஒரு சத்தம் சுற்றிச் சுற்றி வந்தது.

பீட்டில்ஸின் ‘ரிவால்வர்’ ஆல்பத்துக்கான முதல் பாட்டு, ‘டுமாரோ நெவர் நோஸ்’. அந்த வளையங்கள் எல்லாம் ஓயாமல் சத்தம் போட்டுக்கொண்டே இருந்தன. எது எப்போது கேட்க வேண்டும், எது அடங்க வேண்டும் என்பதைக் கன்ட்ரோல் ரூமில் இருந்த மிக்ஸிங் மேசையின் ஃபேடர்கள்தான் முடிவு செய்தன. பாட்டு ஓட ஓட கைகள் அவற்றை ஏற்றி இறக்கின. ஐந்து வளையங்கள் பாட்டுக்குள் வந்தன. அதே கலவையை இன்னொரு முறை செய்ய முடியாது என்று தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் பிற்பாடு சொல்லியிருக்கிறார்.

ஏன் முடியாது? இதுக்குப் பதில் தெரியணும்னா அந்த மேசைக்குள்ள கொஞ்சம் எட்டிப் பாக்கணும்.

மைக்கிலிருந்து வரும் மின்சாரம் ரொம்பச் சின்னது. சில மில்லிவோல்ட் தேறினாலே பெரிய விஷயம். மேசைக்குள் நுழைந்ததும் ப்ரீஆம்ப் அதை நூறு மடங்கோ ஆயிரம் மடங்கோ பெருக்கும். அடுத்தது ஈக்யூ. அடிச்சத்தத்தைக் கூட்டலாம், கீச்சைக் குறைக்கலாம். அதற்குப் பிறகு ஃபேடர். ஃபேடரைத் தள்ளினால் சத்தம் கூடுகிறது என்றுதான் நாம் நினைக்கிறோம். அந்தக் கால மேசையில் அது ஒரு மின்தடை, அவ்வளவுதான். பெருக்கும் வேலை முன்னாலேயே முடிந்துவிட்டது. ஃபேடரை மேலே ஏற்றும்போது தடை குறைகிறது. மதகைத் திறப்பது போல.

இப்படி ஒவ்வொரு மைக்குக்கும் ஒரு பாதை. அதன் பெயர் சேனல். பல சேனல்கள் போய்ச் சேரும் பொதுத்தடம் பஸ். பஸ்ஸில் எல்லா மின்சாரமும் ஒன்றாகக் கூடி ஒரே அலையாகி டேப்புக்குப் போகிறது. ட்ரம்ஸும் கிட்டாரும் ஒரே தடத்தில் இறங்கிவிட்டால், பிறகு கிட்டாரை மட்டும் குறைக்க வழியில்லை. குழம்பில் உப்புப் போட்டாச்சு, அவ்வளவுதான்.

இ.எம்.ஐ.யின் மேசைகளை அந்த நிறுவனமே வடிவமைத்தது. ரெட் (ஆர்.இ.டி.டி.) என்பது 1955-இல் இதற்காகவே அமைந்த துறையின் சுருக்கப் பெயர். அதன் ரெட்.51 மேசை வால்வுகளில் இயங்கியது. எட்டு மைக் உள்ளீடுகள், நான்கு வெளியீடுகள். ஈக்யூவை ‘பாப்’, ‘கிளாசிக்’ என்ற இரண்டு வகைப் பெட்டிகளாகக் கழற்றி மாட்டிக்கொள்ளலாம். எந்த இசைக்கு எந்த ஒலி என்ற நிறுவனத்தின் தீர்மானம் இரும்புப் பெட்டியாகவே உட்கார்ந்திருந்தது என்று சொல்லலாம்.

டேப்பிலும் நான்கே தடங்கள். நான்கும் நிரம்பினால் அவற்றைக் கலந்து இன்னொரு டேப்பில் ஓரிரு தடங்களாகச் சுருக்குவார்கள். அப்போதுதான் புதிய வாத்தியத்துக்கு இடம் கிடைக்கும். ஒவ்வொரு சுருக்கலும் ஒரு சத்தியம் மாதிரி. ட்ரம்ஸ் இவ்வளவுதான், பேஸ் இவ்வளவுதான். இனி வரப்போகும் வயலின் எப்படி ஒலிக்கும் என்று தெரியாமலே இதை முடிவு செய்தாக வேண்டும். 1967-இன் ‘சார்ஜண்ட் பெப்பர்’ இப்படித்தான் உருவானது.

‘ரிவால்வர்’ பதிவின்போது அந்த மேசையில் உட்கார்ந்திருந்த ஜெஃப் எமரிக்குக்கு இருபது வயது. ட்ரம்ஸுக்கு மிக அருகில் மைக் வைப்பது நிறுவனத்தின் விதிகளுக்கு விரோதம். அவர் வைத்தார். பேஸ் ட்ரம்முக்குள் ஒரு கம்பளிச் சட்டையையும் திணித்தார். இன்றைக்கு நமக்குப் பழகிப்போன, நெஞ்சில் இடிக்கும் ட்ரம்ஸ் ஒலிக்கு இந்த மீறலும் ஒரு தொடக்கம்.

1968 கடைசியில் இரண்டாம் ஸ்டுடியோவுக்குப் புது மேசை வந்தது. பெயர் டி.ஜி.12345. வால்வுகள் போய் ட்ரான்சிஸ்டர்கள். எட்டுக்குப் பதில் 24 மைக் உள்ளீடுகள், நான்குக்குப் பதில் எட்டு வெளியீடுகள். ஒலியின் ஏற்ற இறக்கத்தை அமுக்கிச் சமப்படுத்தும் கம்ப்ரஸர் சேனல்களுக்குள்ளேயே இருந்தது. 1969-இல் ‘ஆபி ரோடு’ ஆல்பம் பெரும்பாலும் இதில்தான் பதிவானது. புது மேசையின் ஒலி பழையதைவிட மென்மையாக இருந்ததென்றும், முதலில் அது தனக்கு உவப்பாக இல்லையென்றும் எமரிக் தன் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். அந்த ஆல்பத்தின் வழவழப்பு நமக்கெல்லாம் பிடித்தது. அதில் ஒரு பங்கு ட்ரான்சிஸ்டருடையது.

எட்டு தடம் பதினாறானது, பதினாறு இருபத்துநான்கானது. கடைசியில் கம்ப்யூட்டர் வந்தது, கணக்கே போயிற்று. இன்று லேப்டாப் திரையில் ஃபேடர்களின் படம் வரிசையாக நிற்கிறது. எந்த முடிவையும் நாளைக்குத் தள்ளலாம். பிடிக்கலைன்னா ‘அன்டூ’. வீட்டில் பாட்டுப் பண்ணுகிற எல்லோருக்கும் தெரியும்: முடிக்காத ஃபைல்கள் நம்மிடம் நிறைய இருக்கின்றன. அதற்குச் சோம்பல் மட்டுமே காரணமில்லை. சத்தியம் செய்ய வேண்டிய இடமே வராததும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதற்காகப் பழையதைக் கும்பிடவும் வேண்டாம். எட்டு உள்ளீடுகள் கொண்ட அந்த மேசை பணம் படைத்த நிறுவனத்திடம்தான் இருந்தது. யார் அதைத் தொடலாம், யார் தொடக்கூடாது என்பதற்கும் அங்கே விதிகள் இருந்தன. இன்று கைப்பேசி வைத்திருக்கும் பெண் ஒருத்தி தன் அறையிலேயே ஒரு பாட்டை முடித்துவிடலாம். இது சின்ன விஷயம் கிடையாது.

கதையில் இன்னொரு திருப்பமும் உண்டு. 2022-இல் ஜார்ஜ் மார்ட்டினின் மகன் கைல்ஸ் ‘ரிவால்வர்’ ஆல்பத்தை மறுபடி கலந்தார். பீட்டர் ஜாக்ஸனின் குழு உருவாக்கிய மென்பொருள், ஒரே தடத்தில் ஒட்டிக்கிடந்த வாத்தியங்களைத் தனித்தனியாகப் பிரித்துக் கொடுத்தது. குழம்பிலிருந்து உப்பை எடுத்துவிட்டார்கள்!

ஆனால் அந்த ஏப்ரல் நாளில் பறவைச் சத்தம் எந்த நொடியில் மேலெழுந்தது, எந்த நொடியில் அடங்கியது என்பது மட்டும் அப்படியே இருக்கிறது. அது ஃபேடர் மேல் இருந்த விரல்கள் அந்தக் கணத்தில் எடுத்த முடிவு. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஒருமுறை கேட்டுப் பாருங்கள். டேப்பில் பதிவாகியிருப்பதில் அந்த விரல்களின் அசைவும் ஒன்று.