பின்யா

பின்யா (பெயர்ச்சொல்): பிலிப்பைன்ஸில் அன்னாசி இலை நாரால் நெய்யப்படும் மெல்லிய துணி. ஸ்பானிய மொழியில் 'பின்யா' முதலில் பைன் மரக் காயைக் குறித்தது. உருவ ஒற்றுமையால், அமெரிக்காவில் கண்ட அன்னாசிக்கும் அப்பெயரே ஆயிற்று. பிலிப்பைன்ஸில் பழத்தின் பெயர் துணிக்கும் ஆகிவந்தது. நம் 'அன்னாசி' போர்த்துக்கீசியர் வழி வந்த தென்னமெரிக்கச் சொல்.

அக்லான் மாகாணத்தின் கலிபோ நகரம் இந்நெசவுக்குப் பெயர்பெற்றது. உடைந்த பீங்கான் தட்டின் விளிம்பால் இலையைச் சுரண்டினால் முரட்டு நார் வரும், அது 'பாஸ்தோஸ்'. அதற்கடியில் உள்ள மென்னாரைத் தேங்காய்ச் சிரட்டையால் வழித்தெடுப்பார்கள், அது 'லினிவான்'. இழைகளைக் கையால் ஒவ்வொன்றாக முடிச்சிட்டு நீளமாக்கித் தறியேற்றுவார்கள். 'பாரோங் தகாலோக்' சட்டைக்கு உயர்ந்ததாக மதிக்கப்படும் துணி இது. 2023இல் யுனெஸ்கோ இந்நெசவை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.