குறைந்த மின்திறன் ரேடியோ அதிர்வெண் பெருக்கிகள்

ஆன்டெனா பிடித்துத் தரும் மெல்லிய சைகையை, தன் இரைச்சலை அதிகம் சேர்க்காமல் முதலில் பெருக்கும் சுற்று, குறை இரைச்சல் பெருக்கி. தரையில் கிடைக்கும் ஜி.பி.எஸ். சைகை, ஒரு வாட்டில் ஏறத்தாழ நூறு கோடி கோடியில் ஒரு பங்குதான். பின்வரும் கட்டங்களின் இரைச்சல் முதல் கட்டத்தின் பெருக்கத்தால் வகுபடும் என்பது 1944இல் ஹரால்ட் ஃபிரிஸ் வெளியிட்ட சமன்பாடு. ஆகவே, ஏற்பியின் தரம் பெரிதும் இந்த ஒரு கட்டத்திலேயே முடிவாகிவிடுகிறது.

மின்னழுத்தத்தைக் குறைப்பதும் மின்திறனைக் குறைப்பதும் ஒன்றல்ல. டிஜிட்டல் சுற்றில் மின்னழுத்தத்தைப் பாதியாக்கினால், அதே வேகத்தில் இயக்கத் திறன் கால் பங்காகும். பெருக்கிக்கு அந்தச் சலுகை இல்லை. கேட்டைப் பொதுவாக வைத்த அமைப்பு 50 ஓம் ஆன்டெனாவுடன் பொருந்த, டிரான்சிஸ்டரின் கடத்துதிறன் 20 மில்லிசீமென்ஸ் இருக்க வேண்டும். ஒரு மில்லியாம்பியர் 10 மில்லிசீமென்ஸ் தருமானால், மின்னழுத்தம் எதுவானாலும் 2 மில்லியாம்பியர் செலவு. டிரான்சிஸ்டரைத் தொடக்க மின்னழுத்தத்தின் அருகில் இயக்கினால் அதே மின்னோட்டம் இருமடங்கு கடத்துதிறன் தரும். ஆனால் டிரான்சிஸ்டரை அகலமாக்க வேண்டும். கேட் மின்தேக்கம் கூடி வேகம் குறையும். இன்றைய குறுகிய சேனல் டிரான்சிஸ்டர்களுக்கு வேகம் மிச்சம் இருப்பதால், 2.4 கிகாஹெர்ட்ஸில் இந்த வழி கட்டுப்படியாகிறது.

வடிவமைப்பின் உண்மையான முரண் அடுத்ததுதான். என் வகை, பி வகை டிரான்சிஸ்டர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஒரே மின்னோட்டம் இரண்டிலும் வேலை செய்யும், மின்திறன் மிச்சம். ஆனால் அடுக்குக்கு மின்னழுத்தம் வேண்டும். அடுக்கைப் பிரித்து மடித்த அமைப்பாக்கினால் குறைந்த மின்னழுத்தம் போதும். ஆனால் இரண்டாவது கிளைக்குத் தனி மின்னோட்டம் போகும். அதனால் ஒரு வோல்ட்டுக்குக் கீழே மின்தூண்டிகளை நம்புகிறார்கள். மின்தூண்டிச் சுமையில் நேர்திசை மின்னழுத்தம் அநேகமாக வீணாவதில்லை. ஆனால் மின்தூண்டி சில்லில் பெரும் பரப்பை அடைக்கிறது. அதன் தரக்காரணியும் பெரும்பாலும் 10ஐ ஒட்டியே நிற்கிறது.

சோர்ஸில் மின்தூண்டி வைத்து, தடையத்தின் இரைச்சல் இல்லாமலே 50 ஓமைப் பெறும் உத்தியை, டெரிக் ஷேஃபரும் தாமஸ் லீயும் ஸ்டான்ஃபோர்டிலிருந்து 1997இல் வெளியிட்ட கட்டுரை பரவலாக்கியது. 1.5 வோல்ட், 1.5 கிகாஹெர்ட்ஸ், 22 டெசிபெல் பெருக்கம், 3.5 டெசிபெல் இரைச்சல் எண், 30 மில்லிவாட்: மலிவான சிமாஸ் சில்லு ஜி.பி.எஸ். ஏற்பிக்குப் போதும் என்று அது காட்டியது.

மிச்சப்படுத்திய மின்திறனுக்கு விலையாகப் பெரும்பாலும் இழப்பது நேரியல்புதான். பக்கத்து அலைவரிசைகளில் வலுவான சைகைகள் வந்தால், இத்தகைய பெருக்கி அவற்றைக் கலந்து போலிச் சைகை உண்டாக்கும். சிறு புளூடூத் உணரி இதைப் பொறுத்துக்கொள்ளும். அனுப்புதலும் பெறுதலும் ஒரே நேரத்தில் நடக்கும் செல்பேசி அமைப்பில் சொந்த அனுப்பியின் கசிவே ஏற்பிக்குள் வருவதால், அங்கே கூடுதல் மின்னோட்டம் செலவிட்டே ஆக வேண்டும்.