ஊர்க்கொடையும் ஊர்ப்பள்ளியும்: செங்கல்பட்டு வட்டாரத்தின் அறக்கொடை வரலாறு

பாலாற்றின் கரைகளிலும் மாமல்லபுரம் கடலோரத்திலும் பரந்து கிடக்கும் நிலப்பகுதி, 1997 வரை காஞ்சிபுரத்தையும் திருவள்ளூரையும் தன்னுள் அடக்கிய பெரிய செங்கல்பட்டு மாவட்டமாக இருந்து, பின்னர்ப் பிரிந்து, 2019 நவம்பரில் இன்றைய சிறிய செங்கல்பட்டு மாவட்டமாக உருப்பெற்றது. ஒரே வட்டாரத்தில் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளாகக் கல்விக்கும் மருத்துவத்துக்கும் பசி தீர்த்தலுக்கும் மக்கள் கொடுத்துவந்த பொருளின் வரலாற்றைத் தொடர்ந்து காண, பழைய மாவட்டத்தின் எல்லையையே அளவாகக் கொள்வது பொருத்தமாகும். அவ்வரலாறு உணர்த்தும் செய்தி தெளிவானது: கொடுப்போரின் வட்டமும் பெறுவோரின் வட்டமும் ஒருசேர விரிந்த காலத்தில்தான் அறக்கொடை முழு ஊரின் கல்வியாக மாறியது.

இதன் பழைய சான்றுகளுள் தலையாயது திருமுக்கூடல் கல்வெட்டு. பாலாறும் செய்யாறும் வேகவதியும் ஒன்றுகூடும் இடத்தில் அமைந்த வெங்கடேசப் பெருமாள் கோயிலில், சோழ மன்னன் வீரராசேந்திரனின் ஐந்தாம் ஆட்சியாண்டில், அதாவது ஏறத்தாழ 1068இல், பொறிக்கப்பட்ட இந்த நீண்ட ஆவணம், வயலைக்காவூர் என்னும் தேவதான ஊரின் வருவாய் எந்தெந்தச் செலவுக்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டுகிறது. தேவதானம் என்பது இறைவனுக்கென ஒதுக்கப்பட்ட நிலமாகும். அதன் வருவாய் பூசைக்கும் விழாவுக்கும் மட்டுமன்றி, கோயிலில் இயங்கிய ஒரு கல்விச்சாலைக்கும் அதன் விடுதிக்கும் ‘வீரசோழன்’ என்னும் பெயர் கொண்ட ஆதுலர் சாலைக்கும் சென்றது. ஆதுலர் என்போர் நோயுற்றோர். ஆதுலர் சாலை என்பது அக்கால மருத்துவமனை.

பதினைந்து நோயாளிகள் படுத்துச் சிகிச்சை பெற வசதி கொண்டிருந்த அச்சாலையில், மருத்துவர் ஒருவரும், சல்லியக்கிரியை எனப்பட்ட அறுவை மருத்துவம் செய்பவர் ஒருவரும், மூலிகை கொண்டுவருவோர் இருவரும், நோயாளிகளைப் பேணி மருந்து கொடுக்கும் பெண்கள் இருவரும் பணியாற்றினர். மருத்துவருக்கு ஆண்டுக்குத் தொண்ணூறு கலம் நெல்லும் எட்டுக் காசும், அறுவை மருத்துவருக்கு முப்பது கலம் நெல்லும் ஊதியமாக வரையறுக்கப்பட்டன. ஓராண்டுக்கு இருப்பில் வைக்கவேண்டிய ஏறத்தாழ இருபது மருந்துகளின் பெயர்களும், இரவில் எரிய வேண்டிய விளக்குக்கான எண்ணெயும்கூடக் கல்லில் ஏறின. விடுதி மாணவர்க்கு உணவும் பாயும் விளக்கும் சனிக்கிழமை எண்ணெய் முழுக்கும் உறுதி செய்யப்பட்டன. படிப்பவனின் வயிற்றையும் உடல்நலத்தையும் காவாமல் படிப்பை மட்டும் காக்க இயலாது என்ற அறிவு, இந்த ஒதுக்கீடுகளில் தெளிவாக வெளிப்படுகிறது. எனினும் அதன் எல்லை குறுகியதே. அங்கே கற்பிக்கப்பட்டவை வேதமும் இலக்கணமும் ஆகமமுமாக இருந்தமையால் அவற்றைக் கற்கும் உரிமை பெற்ற சிலரே மாணவராயினர். மருத்துவமனையும் மாணவர், ஆசிரியர், கோயிற்பணியாளர் ஆகியோருக்கே உரியதாக இருந்தது. அந்த வயல்களில் உழைத்தோரின் பிள்ளைகளுக்கு அதில் இடமில்லை.

கிழக்கிந்தியக் கும்பினி ஆட்சிக்காலத்தில் கொடையின் வடிவம் மாறியது. அக்காலத்தில் ஐரோப்பியருக்கும் உள்நாட்டாருக்கும் இடையே வணிகம் நடத்திப் பெருஞ்செல்வம் ஈட்டிய துபாஷிகள், அதாவது இருமொழி அறிந்த தரகர்கள், நிலத்துக்குப் பதிலாகப் பணத்தையும், கல்வெட்டுக்குப் பதிலாக உயிலையும் கொடைக்குக் கருவியாக்கினர். அவர்களுள் ஒருவரான பச்சையப்ப முதலியார், 1794 மார்ச்சில் தம் இறுதி நாட்களில் எழுதிய உயிலின் வழியே பெரும்பொருளைக் கோயில் திருப்பணிக்கும் அறச்செயல்களுக்கும் விட்டுச்சென்றார். அப்பொருள் பல்லாண்டுகள் வழக்குகளில் சிக்கி, வட்டியோடு வளர்ந்து, பின்னர்ச் சென்னை உச்சநீதிமன்றத்தின் தலையீட்டால் மீட்கப்பட்டது; அன்றைய அரசுத் தலைமை வழக்கறிஞர் ஜார்ஜ் நார்ட்டனின் முயற்சியால், சமயச் செலவுகள் போக எஞ்சிய தொகை கல்விக்குத் திருப்பப்பட்டது. 1842இல் சென்னையிலும், அடுத்த சில ஆண்டுகளில் காஞ்சிபுரத்திலும் பச்சையப்பர் பெயரில் பள்ளிகள் எழுந்தன. உயில் எழுதிய கொடையாளரின் காலத்துக்குப் பிறகு, அவரது பொருளை மக்களின் தேவைக்கேற்ப நெறிப்படுத்தும் பொறுப்பு பொதுநிறுவனங்களுக்கு உண்டு என்பதை இந்நிகழ்வு நிலைநாட்டியது.

அதே நூற்றாண்டில் ஸ்காட்லாந்துச் சபைகளின் காணிக்கைப் பணம் செங்கல்பட்டு நகரில் மிஷன் பள்ளியாகவும், பின்னர் ஒடுக்கப்பட்ட மக்களின் குடியிருப்பாகவும் வடிவெடுத்தது. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரமென்ஹீர், நிலமும் கல்வியும் மறுக்கப்பட்ட பறையர் மக்களின் நிலையை 1891இல் விரிவான அறிக்கையாக அரசுக்கு எழுதினார்; அதன் விளைவாக 1892இல் பிறந்த அரசாணைகளே பின்னாளில் பஞ்சமி நிலம் என வழங்கிய நிலவுரிமைக்கு அடித்தளமாயின. அக்காலத்தில் இங்குப் பணியாற்றிய ஆடம் ஆண்ட்ரூ என்னும் பாதிரியார் இம்மக்களுக்காக உழைத்ததன் நினைவு, சிங்கப்பெருமாள்கோயிலுக்கு அருகிலுள்ள மெல்ரோசாபுரம் என்னும் ஊரில் நிலைத்துள்ளது. பெறுவோரின் வட்டம் விரியத் தொடங்கிய காலம் அது. கடலோரத்திலோ பழைய மரபும் தொடர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நெம்மேலியைச் சேர்ந்த ஆளவந்தார் நாயகர், மாமல்லபுரம் தலசயனப் பெருமாள் கோயில் விழாக்களுக்கும் அன்னதானத்துக்கும் ஆயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட கடலோர நிலத்தை எழுதிவைத்தார். இன்று இந்து சமய அறநிலையத்துறை அந்த அறக்கட்டளையை நிர்வகிக்கிறது.

கொடுப்போரின் வட்டம் விரிந்தது விடுதலைக்குப் பிறகே. காஞ்சிபுரத்தை அடுத்த நெய்யாடுபாக்கத்தில் 1912இல் பிறந்த நெ. து. சுந்தரவடிவேலு, காமராசர் ஆட்சியில் பொதுக்கல்வி இயக்குநராக அமர்ந்தபோது, ஊர்தோறும் பள்ளி திறக்க அரசு முனைந்தாலும், பசித்த பிள்ளை பள்ளிக்கு வராது என்ற உண்மை அவர் முன் நின்றது. 1956இல் அரசுப் பணத்தை எதிர்பாராமல் ஊர் மக்களின் நன்கொடையைக் கொண்டே மதிய உணவு தொடங்கப்பட்டது. சிலர் நெல்லும் அரிசியும், சிலர் காயும் விறகும், வேறு சிலர் பணமும் அளித்தனர். 1957 நவம்பர் முதல் அரசு மானியம் வழங்கி, ஓர் உணவுக்கு ஆகும் பத்துப் புதுக்காசில் ஆறு காசைத் தான் ஏற்று, நான்கு காசை ஊரின் பங்காக விட்டது.

இதன் தொடர்ச்சியாகப் பிறந்த பள்ளிச் சீரமைப்பு இயக்கத்தின் முதல் மாநாடு, 1958 பிப்ரவரியில், அன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த கடம்பத்தூரில் கூடியது. பள்ளிச் சீரமைப்பு என்பது, ஒரு வட்டாரத்தின் ஒவ்வொரு பள்ளிக்கும் எது குறைவு என்று ஆசிரியர்களும் ஊராரும் சேர்ந்து பட்டியலிட்டு, கட்டடம், பெஞ்சு, கரும்பலகை, குடிநீர்ப் பானை, கடிகாரம், ஏழைப் பிள்ளைகளுக்குச் சீருடை என அக்குறைகளை ஊர்மக்களைக் கொண்டே நிறைவேற்றச் செய்யும் முறையாகும். மாநாடு வெறும் கூட்டமாக நின்றுவிடாமல், கொடுத்தவரைப் பலர் அறியப் பாராட்டும் மேடையாகவும், கொடுத்தது என்ன என்பதை ஊரறியச் சொல்லும் கணக்காகவும் அமைந்தது. உயிலோ கல்வெட்டோ எழுதும் வசதியற்ற எளிய உழவரும் தம் உழைப்பையே கொடையாகத் தந்து இதில் பங்கேற்றனர். கடம்பத்தூரில் தொடங்கியது மாநிலம் எங்கும் பரவியது.

இம்முறைக்கும் குறை உண்டு. வளமான ஊர் எளிதில் கொடுத்தது. வறண்ட ஊரும் மீனவர் குப்பமும் திணறின. நன்கொடையை மட்டும் நம்பினால் மிகுந்த தேவை உள்ள இடத்துக்கே குறைந்த பொருள் சென்று சேரும். ஆகவேதான் 1982இல் எம். ஜி. இராமச்சந்திரன் அரசு சத்துணவுத் திட்டத்தை விரிவாக நிறுவியதும், 2022இல் காலை உணவுத் திட்டம் தொடங்கியதும் இன்றியமையாத படிகளாயின. ஆயினும் அரசின் பொறுப்பு முழுமையடைந்தது என்பதற்காக ஊரின் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின்படி பெற்றோரைப் பெரும்பான்மை உறுப்பினராகக் கொண்ட பள்ளி மேலாண்மைக் குழு, தன் பள்ளியின் தேவையைப் பட்டியலிட்டு ஊரின் முன் வைக்கும் உரிமை உடையது. அது கடம்பத்தூர் முறையின் வாரிசே. செங்கல்பட்டிலும் கடலோரக் குப்பங்களிலும் வாழ்வோர் அந்தக் குழுக்களின் கூட்டங்களுக்குத் தவறாமல் சென்று, இயன்றதைக் கொடுத்து, கொடுத்ததற்குக் கணக்கும் கேட்க வேண்டும். கொடுப்பதும் கணக்குக் கேட்பதும் சேர்ந்ததே இந்த மண்ணின் அறக்கொடை மரபு.