தாது வருஷப் பஞ்சமும் இங்கிலாந்து மாளிகைத் தோட்டமும்: என்ன சம்பந்தம்?

வீரசோழன், திருச்சுழி, அருப்புக்கோட்டை பக்கம் பெரியவங்க கிட்ட 'தாது வருஷம்'னு சொன்னாலே போதும், பஞ்சத்தைத்தான் சொல்றோம்னு புரிஞ்சுடும். 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை உலுக்கிய பஞ்சம் அது. அப்போது சென்னை மாகாணத்தின் கவர்னராக இருந்தவர் 3ஆம் பக்கிங்ஹாம் டியூக். சென்னையில் பக்கிங்ஹாம் கால்வாய்னு சொல்றோமே, அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர்!

அவருடைய பூர்வீக வீடுதான் இங்கிலாந்தின் பக்கிங்ஹாம்ஷயரில் இருக்கும் ஸ்டோவ் மாளிகை.

அந்தத் தோட்டத்தில் அப்படி என்ன இருக்கு?

ஏரி, புல்வெளி, சரிவு, நடுநடுவே 40க்கும் மேற்பட்ட சின்னச் சின்ன கோயில்கள், நினைவுச் சின்னங்கள். இந்தக் கோயில்களில் பூஜை எதுவும் கிடையாது, எல்லாம் அழகுக்காகக் கட்டியவை. குடும்பப் பெயரே 'டெம்பிள்' என்பதால் கோயிலா கட்டித் தள்ளிட்டாங்க போல.

இன்னொரு விஷயம் 'ஹா-ஹா'. பெயரைக் கேட்டு சிரிக்காதீங்க. தோட்டத்தைச் சுற்றி வேலி போட்டால் பார்வை மறையும். போடாவிட்டால் ஆடு மாடு உள்ளே வந்துடும். அதனால் ஒரு பக்கம் செங்குத்தாகச் சுவர் எழுப்பி, பள்ளமாகத் தோண்டிவிட்டார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் தடுப்பு இருப்பதே தெரியாது.

1741இல் இங்கே தலைமைத் தோட்டக்காரராகச் சேர்ந்தவர் லான்ஸ்லாட் பிரவுன். பிறகு இங்கிலாந்து முழுக்கப் பெயர் வாங்கியவர். 1744இல் இவருக்குக் கல்யாணம் நடந்தது தோட்டத்துக்குள் இருக்கும் சர்ச்சில்தான்.

தோட்டத்துக்குள் சர்ச் எப்படி வந்தது? அது முதலில் ஊர் சர்ச். அங்கே ஸ்டோவ் என்ற கிராமம் இருந்தது. தோட்டத்தை விரிவாக்க குடியிருந்தவர்களை வெளியேற்றினார்கள். வீடுகள் போய்விட்டன, மரங்களுக்கு நடுவே சர்ச் மட்டும் மிச்சம்.

இவ்வளவு ஆடம்பரமும் நிலைக்கவில்லை. கவர்னரின் அப்பா கடனில் மூழ்கியதால் 1848இல் மாளிகைச் சாமான்களை 40 நாள் ஏலம் விட்டார்கள். 1923இல் மாளிகை பள்ளிக்கூடமானது. 1989 முதல் தோட்டம் நேஷனல் டிரஸ்ட் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பின் கையில் இருக்கிறது.

தமிழ்நாட்டில் என்ன மிச்சம்?

ஊட்டியில் தாவரவியல் பூங்காவை ஒட்டி இருக்கும் ராஜ்பவன் இந்த டியூக் காலத்தில் எழுந்தது. ஸ்டோவ் மாளிகையின் சாயல் அதில் இருப்பதாகச் சொல்வார்கள். கீழே சமவெளியில் அப்போது நிலைமையே வேறு. நிவாரண வேலைக்கு வந்த ஆணுக்கு ஒருநாள் கூலியாக ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று நிர்ணயித்தார்கள். ஒரு பவுண்டு என்றால் அரை கிலோ கூட இல்லை. நிர்ணயித்தவர் சர் ரிச்சர்ட் டெம்பிள். டியூக் குடும்பப் பெயரும் டெம்பிள் என்பதால் பலர் குழப்பிக்கொள்வார்கள், இவர் வேறு ஆள். பட்டினியிலும் நோயிலும் இறந்தவர்கள் சுமார் 55 லட்சம் பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு.

சென்னையில் கூவத்தையும் அடையாறையும் இணைத்த கால்வாய்ப் பகுதி பஞ்ச நிவாரண வேலையாகவே வெட்டப்பட்டது. மண் சுமந்தவர்கள் பட்டினி கிடந்த ஜனங்கள், பெயர் மட்டும் கவர்னருக்கு. இன்று அதன் மேல் பறக்கும் ரயில் தூண்கள் நிற்கின்றன, கீழே ஓடுவது சாக்கடை.

ஸ்டோவ் போகிறவர்கள் அந்த சர்ச்சைப் பார்த்தாவது இங்கே ஒரு ஊர் இருந்தது என்று தெரிந்துகொள்ளலாம். கால்வாயைத் தாண்டிப் போகிற நமக்கு அந்த வாய்ப்புகூட இல்லை.

நம்ம பக்கத்தின் பஞ்சக் கதையைத் தேட நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: ராமநாதபுரம் தனி மாவட்டமானது 1910இல், விருதுநகர் மாவட்டம் வந்தது 1985இல். அதனால் சென்னை எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் 1876-78 கோப்புகளைக் கேட்கும்போது பழைய மதுரை மாவட்டத்தின் பெயரில் கேளுங்க.