பல்லைக் காத்த ஊர்

ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி என்பது நம் முன்னோர் மொழி. ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் கொண்டு பல் துலக்கிய மரபினரே கடல் கடந்து சிங்கப்பூருக்கு வந்து, சிராங்கூன் சாலைப் பகுதியில் குடியேறினர். பல்லைத் துலக்கும் முறையை அவர்கள் அறிந்திருந்தனர். ஆயினும், சொத்தை விழுந்த பின் அதனைக் காக்கும் வழி எளிய மக்களுக்கு எட்டவில்லை. வலி பொறுக்க இயலாத நிலையில் பல்லைப் பிடுங்கிவிடுவதே அவர்கள் கண்ட மருத்துவம்.

இந்நிலை படிப்படியாகவே மாறிற்று. இந்தியச் சிப்பாய்கள் தங்கியதால் 'சிப்பாய் லைன்ஸ்' எனப் பெயர் பெற்ற பகுதியில் ஏழாம் எட்வர்டு மன்னர் மருத்துவக் கல்லூரி இயங்கி வந்தது. 1929ஆம் ஆண்டு அங்கே பல் மருத்துவக் கல்வி தொடங்கப்பெற்றது. 1949இல் பள்ளிப் பல் மருத்துவச் சேவை தோன்றியது. நியூசிலாந்து 1921இல் வகுத்த முறையைப் பின்பற்றிப் பினாங்கில் பயிற்சி பெற்ற பல் தாதியர், பள்ளிப் பிள்ளைகளின் பற்களைப் பேணினர். பிடுங்குவதை விடுத்து, அடைத்துக் காப்பதே அவர்தம் நோக்கமாயிற்று.

இவற்றினும் பெரிய மாற்றம் குழாய்நீரின் வழியே வந்தது. உண்ணும் இனிப்பை வாயிலுள்ள நுண்ணுயிர்கள் அமிலமாக்குகின்றன. அவ்வமிலம் பல்லின் மேற்பூச்சை அரிக்கிறது. அரிப்பைத் தடுத்துப் பூச்சை உறுதியாக்க ஃபுளோரைடு துணைபுரிகிறது. 1945இல் அமெரிக்காவின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரம் அதனைக் குடிநீரில் முதன்முதலாகச் சேர்த்தது. சிங்கப்பூர் 1956இல் தொடங்கி, 1958க்குள் தீவு முழுவதற்கும் அதனை வழங்கியது. ஆசியாவில் நாடு முழுவதும் இதனைச் செய்த முதல் நாடு இதுவே. தொடக்கத்தில் பத்து இலட்சம் பங்கு நீருக்கு 0.7 பங்கு ஃபுளோரைடு சேர்க்கப்பட்டது. செல்வர் வீட்டுக் குழாயும் ஏழை வீட்டுக் குழாயும் ஒரே காப்பைத் தந்தன. 1970களில் தொடக்கப்பள்ளி மாணவர்கள் கால்வாயோரம் வரிசையாகக் குந்தி, கையில் குவளையும் தூரிகையுமாய் ஆசிரியர் சொற்படி பல் துலக்கிய காட்சியை அத்தலைமுறையினர் இன்றும் மறக்கவில்லை.

எனினும், அரசு அளிக்கும் நீர் பல்லைக் காக்குமேயன்றி ஈற்றைக் காக்காது. ஈறு நோய் தொடக்கத்தில் வலிப்பதில்லை; துலக்கும்போது கசியும் குருதியே அதன் முதல் அறிகுறி. நீரிழிவு உடையோர்க்கு அது எளிதில் முற்றும். வெற்றிலையோடு மெல்லும் பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் என அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இல் வெளியிட்ட நூலில் உறுதிப்படுத்தியது. விருந்தின் நிறைவாக நாம் போற்றிய தாம்பூலத்திலும் இத்தீங்கு உண்டு என்பதை ஒப்புக்கொள்ளத் தயங்கலாகாது.

ஆகவே, ஈற்றில் குருதி கசிந்தாலும், சூடும் குளிரும் பல்லில் கூசினாலும், பல் ஆடினாலும் பல் மருத்துவரை நாடுதல் வேண்டும். வாய்ப்புண்ணோ வெண்படலமோ இரு வாரத்தில் ஆறாவிடின் ஒருநாளும் தாழ்த்தலாகாது. முகம் வீங்கிக் காய்ச்சலும் கண்டால் அன்றே செல்லுதல் வேண்டும். நோயில்லாதவரும் ஆண்டுதோறும் காட்டிவருதல் நன்று.

வலி வந்தபின் பல்லை இழந்தது முன்னோர் காலம். அன்று அவர்களுக்கு வேறு வழியில்லை. எல்லா வழியும் திறந்திருக்கும் இந்நாளில் வலிக்கும்வரை காத்திருப்பது அறியாமையே ஆகும். இதனை மாணவர் உணருமாறு செய்தல் ஆசிரியர் கடன்.