ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வட்டாரத்தில் நடிப்புக் கல்வி

தமிழ்நாட்டில் நடிப்பைக் கற்பிக்கும் பொறுப்பு முதலில் குடும்பத்தின் கையில் இருந்தது. பிறகு நாடகக் கம்பெனிக்குப் போனது. பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தது இருபதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில்தான். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், மதுரையிலிருந்து தென்காசி செல்லும் சாலையில், சுமார் 12 கிலோமீட்டர் இடைவெளியில் அமைந்த ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும் இந்த மூன்று கட்டங்களுக்கும் சாட்சி. நாடகமும் திரைப்படமும் பட்டப்படிப்பானது இந்த வட்டாரத்துக்குப் புதிய செய்தியே. ஆனால் ஒருவரை ஆண்டுக்கணக்கில் உட்கார வைத்து, பாடம் சொல்லி, மேடைக்கு ஆயத்தப்படுத்தும் ஒழுங்கு இங்கே பல நூற்றாண்டுகளாக இருந்து வருகிறது.

கோயில் மண்டபமே பள்ளி

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலில் நடக்கும் அரையர் சேவை, தமிழில் இன்றும் உயிரோடு இருக்கும் மிகப் பழைய நிகழ்த்துகலைகளுள் ஒன்று. தமிழ்நாட்டில் ஸ்ரீரங்கம், ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகிய தலங்களில் இது தொடர்ந்து நடந்து வருகிறது. நாலாயிர திவ்வியப் பிரபந்தத்தைத் தொகுத்த நாதமுனிகள், தம் மருமக்களான மேலையகத்தாழ்வானுக்கும் கீழையகத்தாழ்வானுக்கும் பாசுரங்களை இசையோடு கற்பித்ததிலிருந்து இக்கலை தொடங்கியது என்பது வைணவ மரபு.

மார்கழியில் பகல்பத்து, இராப்பத்து நாட்களில் அரையர் பெருமாள் முன் நிற்கிறார். தலையில் கூம்பு வடிவக் குல்லாய், கழுத்தில் மாலை, கையில் தாளம். திரை கிடையாது, ஒப்பனை கிடையாது, உடை மாற்றமும் கிடையாது. முதலில் இறைவனைப் போற்றும் கொண்டாட்டம், அடுத்துப் பாசுரத்தை இசையோடு பாடுவது, பிறகு அதே பாசுரத்துக்கு அபிநயம், அதன் பின் தம்பிரான்படி எனப்படும் விளக்கவுரை என்று நிகழ்ச்சி நகரும். சில நாட்களில் இது முழு நாடகமாகவே விரியும். அவற்றில் புகழ் பெற்றது முத்துக்குறி. திருமங்கையாழ்வாரின் திருநெடுந்தாண்டகத்தை ஒட்டி, தலைவனைப் பிரிந்து வாடும் மகள், அவள் நிலை கண்டு கலங்கும் தாய், முத்துக்களைப் பரப்பிக் குறி சொல்லும் கட்டுவிச்சி ஆகிய எல்லாரும் ஒரே அரையரின் உடலில் மாறி மாறித் தோன்றுவார்கள். குரலின் ஏற்ற இறக்கமும், நிற்கும் நிலையும், கண்ணின் திசையுமே பாத்திரங்களைப் பிரித்துக் காட்டும். ஒரே நடிகர் பல பாத்திரங்களை ஏற்பது இன்றைய நாடகத் துறைகளில் பயிற்சியாகத் தரப்படுகிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் மண்டபத்தில் அது வழிபாட்டின் பகுதி.

இந்தக் கல்விக்கென்று ஒரு வரிசை உண்டு. பையன் சிறு வயதிலேயே தகப்பனாரிடமோ நெருங்கிய உறவினரிடமோ பாசுரங்களை மனப்பாடம் செய்யத் தொடங்குவான். பாட்டு நாவில் நின்ற பிறகு தாளம், தாளம் கையில் நின்ற பிறகு அபிநயம், கடைசியாக உரை. உரை அடங்கிய சுவடிகள் குடும்பத்துக்குள்ளேயே பாதுகாக்கப்பட்டன. கலை சிதையாமல் தலைமுறை தாண்டி வந்ததற்கு இந்தக் கட்டுப்பாடே காரணம். அதன் குறையும் இதிலேயே அடங்கியிருக்கிறது. குறிப்பிட்ட குடும்பங்களில் பிறந்த ஆண்களுக்கு மட்டுமே இந்தப் பள்ளி திறந்திருந்தது. எத்தனை ஆர்வம் இருந்தாலும் வெளியார் ஒருவர் இதில் மாணவராகச் சேர வழியில்லை.

பாய்ஸ் கம்பெனி

பிறப்பைப் பார்க்காமல் சிறுவர்களைச் சேர்த்துக்கொண்டு நடிப்புக் கற்றுக் கொடுத்த முதல் பெரிய அமைப்பு பாய்ஸ் கம்பெனி. தூத்துக்குடி வட்டாரத்தில் காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்த தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். சிறுவர்களே எல்லா வேடங்களையும் ஏற்கும் குழு அது. டி.கே.எஸ். சகோதரர்கள் அதில் பயின்றவர்கள். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி, யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் குழு, நவாப் ராஜமாணிக்கம் பிள்ளையின் தேவி பால விநோத சங்கீத சபை என்று பிறகு பல குழுக்கள் வந்தன. எம்.ஜி.ஆரும் சிவாஜி கணேசனும் இத்தகைய குழுக்களில் சிறுவர்களாகச் சேர்ந்து தொழில் கற்றவர்கள். மதுரையைச் சுற்றி எழுந்த இந்தக் கம்பெனிகள் ஊர் ஊராகக் கொட்டகை போட்டு, வாரக்கணக்கில் தங்கி நாடகம் நடத்தின. தென்மாவட்டச் சிற்றூர்க்காரர்களுக்கு முறையான மேடை நாடகம் அறிமுகமானது இந்த முகாம்கள் வழியாகத்தான்.

கம்பெனி வீடு ஒரு குருகுலம். நாடகம் கற்பிப்பவர் வாத்தியார். நாடகப் பிரதிக்கும் பாடம் என்றே பெயர். காலையில் பாட்டு, பிறகு வசனம் ஒப்பிப்பது, பிறகு ஒத்திகை, இரவில் நாடகம் என்று நாள் கழியும். ஒரு பையன் தன் வேடத்தின் வசனத்தோடு எதிரே நிற்பவனின் வசனத்தையும் கேட்டுக் கேட்டே மனப்பாடம் செய்துவிடுவான். நடிகன் யாராவது ஓடிப்போனாலோ காய்ச்சலில் விழுந்தாலோ அன்றிரவு அந்த வேடம் இன்னொருவனிடம் வந்து சேரும். இப்படித்தான் ஒரே பையன் சில ஆண்டுகளில் பெண் வேடமான ஸ்திரீபார்ட், நாயக வேடமான ராஜபார்ட், கள்வன் வேடமான கள்ளபார்ட் எல்லாவற்றையும் கட்டிப் பார்த்தான். சுவாமிகள் டி.கே.எஸ். சகோதரர்களில் ஒருவரான தம் மாணவர் சண்முகத்துக்காக ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தை ஒரே இரவில் எழுதிக் கொடுத்தார் என்பது நாடக உலகில் சொல்லப்படும் செய்தி. ஆசிரியர், மாணவரின் திறமையை அளந்து அதற்கேற்பப் பாடமே எழுதிய கல்விமுறை அது.

இந்தப் பள்ளியின் கடுமையையும் மறைக்க முடியாது. வறுமையால் குழந்தைகளைக் கம்பெனியில் சேர்த்த குடும்பங்கள் பல. அடி சாதாரணம். பள்ளிப் படிப்பு அறுந்துபோகும். மகரக்கட்டு வந்து குரல் உடைந்ததும், அதுவரை பாட்டால் கொட்டகையை நிறைத்த பையன் மதிப்பிழந்து நிற்பான். கற்றதற்குச் சான்றாக அவன் கையில் எந்தத் தாளும் இருக்காது.

இதே காலத்தில் படித்தவர்களும் நாடகத்தின் பக்கம் வந்தார்கள். பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். சென்னைக் கிறித்தவக் கல்லூரித் தமிழாசிரியர் பரிதிமாற்கலைஞர் 1897இல் ‘நாடகவியல்’ என்ற இலக்கண நூலை எழுதினார். பாடநூல் பிறந்துவிட்டது. அதை வைத்து நடத்த வகுப்பு பிறக்க இன்னும் முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

ஸ்பெஷல் நாடகம்

கம்பெனியில் சேராமல், தனித்தனியாக ஒப்பந்தமாகும் நடிகர்கள் ஒரே மேடையில் கூடி நடத்துவது ஸ்பெஷல் நாடகம். கோயில் கொடைக்கும் பொங்கலுக்கும் விடிய விடிய நடக்கும் வள்ளி திருமணமும் அரிச்சந்திரனும் இந்த வகை. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்தும், பபூன் மூன்றாவது ஊரிலிருந்தும் மாலையில் வந்து இறங்குவார்கள். ஆர்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும் பல தாளக் கருவிகளை ஆல்ரவுண்டாக வாசிப்பவரும் அப்படியே. சேர்ந்து ஒத்திகை பார்க்கும் வழக்கம் கிடையாது. கதையும், பாட்டின் வரிசையும், தர்க்கம் எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்பதும் எல்லாருக்கும் பொதுவாகத் தெரிந்திருப்பதால் நாடகம் தடையின்றி ஓடும். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய பாடங்கள் தென்மாவட்ட நடிகர்கள் அனைவருக்கும் பொதுப் பாடத்திட்டமாக இருந்ததன் பயன் இது.

இந்த மரபின் பெருநடிகர் ஒருவர் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அருகிலுள்ள சிவகாசியில் பிறந்தவர். எஸ்.எஸ். விசுவநாததாஸ் 1886இல் பிறந்து, திருமங்கலத்தில் வாழ்ந்தார். மருத்துவர் எனப்படும் நாவிதர் சமூகத்தில் பிறந்தவர் என்பதால் அவரோடு சேர்ந்து நடிக்க மறுத்தவர்கள் உண்டு. வெள்ளையரைக் கொக்காக உருவகித்து அவர் பாடிய பாட்டு வள்ளி திருமண மேடையை விடுதலைப் போராட்ட மேடையாக்கியது. பலமுறை சிறை சென்றார். 1940 டிசம்பர் 31 இரவு சென்னையில் முருகன் வேடத்தில் மேடையிலேயே உயிர் பிரிந்தது. நாடகக் கலைக்கு அரசியல் பொறுப்பும் உண்டு என்பதை இந்த வட்டாரம் பாடப்புத்தகம் வருவதற்கு முன்பே இவரிடம் கண்டது.

ராஜபாளையத்தைச் சேர்ந்த பி.எஸ். குமாரசாமி ராஜா சென்னை மாகாண முதலமைச்சராகவும் ஒடிசா ஆளுநராகவும் இருந்தவர். அவர் தம் வீட்டைப் பொதுமக்களுக்கு வழங்கினார். அது காந்தி கலை மன்றமாயிற்று. நூற்பாலைகளால் வளர்ந்த ஊரில் கலைக்கென்று ஒரு பொது இடம் அமைந்தது இப்படித்தான்.

சினிமா வந்தபின்

1931இல் ‘காளிதாஸ்’ வெளிவந்ததும் கம்பெனி நடிகர்கள் ஒவ்வொருவராகப் படப்பிடிப்புத் தளங்களுக்குப் போனார்கள். இயக்கமும் படத்தொகுப்பும் உதவியாளராக இருந்து கற்கும் தொழில்களாயின. ஒளிப்பதிவுக்கும் ஒலிப்பதிவுக்கும் மட்டும் 1940களில் சென்னை சென்ட்ரல் பாலிடெக்னிக்கில் பட்டயப் படிப்புகள் உருவாயின. அந்த விதையிலிருந்து வளர்ந்ததே தரமணியிலுள்ள அரசுத் திரைப்படக் கல்லூரி. ஒளிப்பதிவாளர் பி.சி. ஸ்ரீராம் அங்கே பயின்றவர். 1986இல் வந்த ‘ஊமை விழிகள்’ திரைப்படக் கல்லூரி மாணவர்கள் சேர்ந்து உருவாக்கிய படமாகப் பேசப்பட்டது. ரஜினிகாந்த் 1970களில் நடிப்புப் பயின்றது சென்னையில் தென்னிந்திய பிலிம் சேம்பர் நடத்திய பள்ளியில். ஆயினும் இவையெல்லாம் நெடுங்காலம் பட்டயங்களாகவே இருந்தன. சினிமாக் கல்விக்குப் பட்டம் என்ற தகுதி பின்னாளில்தான் வந்தது.

நாடகம் பட்டப்படிப்பானது

உலகில் நாடகத்துக்குப் பட்டம் வழங்கிய முன்னோடி அமெரிக்காவின் கார்னகி தொழில்நுட்பக் கழகம். அங்கே 1914இல் நாடகத் துறை தொடங்கியது. இந்தியாவில் தேசிய நாடகப் பள்ளி 1959இல் டெல்லியில் தொடங்கியது. அதன் பயிற்சியைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர்களில் தலையானவர் நாங்குநேரியைச் சேர்ந்த பேராசிரியர் சே. இராமானுஜம் (1935–2016). காந்திகிராமத்தில் ஆசிரியராக இருந்த அவர், கேரளத்தின் ஜி. சங்கரப் பிள்ளையுடன் சேர்ந்து 1977இல் காந்திகிராமத்திலேயே நடத்திய நாடகப் பட்டறை நவீனத் தமிழ் நாடகத்தின் திருப்புமுனை. கூத்துப்பட்டறை, பரீக்‌ஷா, மதுரையில் மு. இராமசுவாமியின் நிஜ நாடக இயக்கம் ஆகிய நாடகக் குழுக்கள் அந்தக் காலத்து அலையில் எழுந்தவை.

தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1981இல் அமைந்தது. அதன் நாடகத் துறையில் இராமானுஜமும் மு. இராமசுவாமியும் பணியாற்றினார்கள். 1980களின் பிற்பகுதியில் புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாடகப் பள்ளி தொடங்கியபோது அதற்குச் சங்கரதாஸ் சுவாமிகளின் பெயர் சூட்டப்பட்டது. முதல் இயக்குநர் எழுத்தாளர் இந்திரா பார்த்தசாரதி. பாய்ஸ் கம்பெனி வாத்தியார் ஒருவரின் பெயரில் பல்கலைக்கழகப் பள்ளி அமைந்தது பொருத்தமான மரியாதை. அங்கே முதுகலைப் பட்டமும் முனைவர் பட்டமும் பெறும் வழி பிறந்தது. கே.ஏ. குணசேகரன் போன்ற நாட்டுப்புறக் கலை அறிஞர்கள் பிறகு அதை வழிநடத்தினார்கள்.

இந்தப் படிப்பில் நாட்டிய சாத்திரமும் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலும், ஸ்தனிஸ்லாவ்ஸ்கியும் பிரெக்டும் பக்கம் பக்கமாக வரும். மேடையமைப்பு, ஒளியமைப்பு, ஒப்பனை, உடை ஆகியவை செய்முறைப் பாடங்கள். இறுதியில் மாணவர் ஒரு நாடகத்தைத் தாமே நெறிப்படுத்திப் பார்வையாளர் முன் நிறுத்த வேண்டும். கம்பெனியில் பார்த்தும் கேட்டும் கற்றவை இங்கே காரணத்தோடு கற்பிக்கப்பட்டன. பெண்களும் எல்லாச் சமூகத்து இளைஞர்களும் ஒரே வகுப்பில் உட்கார முடிந்தது. அரையர் குடும்பமும் பாய்ஸ் கம்பெனியும் தர முடியாமல் போன வாய்ப்பு அது.

ஆனால் பல்கலைக்கழகம் பழைய பள்ளிகளைக் கைவிடவும் இல்லை. இராமானுஜம் ‘வெறியாட்டம்’ நாடகத்தில் யூரிப்பிடிசின் கிரேக்கத் துன்பியலைத் தமிழ் ஒப்பாரி வழியே மேடையேற்றினார். திருக்குறுங்குடியில் மெலிந்து போயிருந்த கைசிக நாடகத்தை, நடனக் கலைஞர் அனிதா ரத்னத்துடன் இணைந்து 1999இல் கோயிலிலேயே மீட்டெடுத்தார். வைணவக் கோயிலின் பழம்பயிற்சியும் நாடகத் துறையின் நெறியாள்கையும் ஒன்றுக்கொன்று துணையாக நின்ற தருணம் அது. அரையர் சேவையும் ஆய்வாளர்களின் கவனத்துக்கு வந்தது. பரம்பரையாக மறைந்திருந்த கலை, பயிலத்தக்க பாடமாகப் பார்க்கப்பட்டது.

இன்றைய வாய்ப்புகள்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் மாணவருக்கு நாடகத்தில் முழுப் பட்டம் என்றால் புதுச்சேரிக்கோ தஞ்சாவூருக்கோ போவதே நெடுங்காலம் வழியாக இருந்தது. அருகில் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி நாட்டார் வழக்காற்றியலைக் கல்வித் துறையாக வளர்த்தது. சினிமா, தொலைக்காட்சி பக்கம் நிலைமை வேகமாக மாறியது. விஷுவல் கம்யூனிகேஷன் இளநிலைப் பட்டம் சென்னையிலிருந்து மாவட்டக் கல்லூரிகளுக்குப் பரவியது. ஸ்ரீவில்லிபுத்தூரை ஒட்டிய கிருஷ்ணன்கோவிலில் 1984இல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி, 2006இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான கலசலிங்கம் நிறுவனத்திலும் இப்படிப்பு உண்டு. கேமரா, படத்தொகுப்பு, விளம்பரம், திரைக்கதை ஆகியவற்றை ஊரை விட்டுப் போகாமலே படிக்க முடிகிறது. தரமணித் திரைப்படக் கல்லூரியும் பட்டயத்திலிருந்து பட்டத்துக்கு மாறி, 2013இல் உருவான தமிழ்நாடு இசை மற்றும் கவின் கலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வந்தது.

இந்தக் கல்விக்கு இன்னும் தீராத தேவை ஒன்று உண்டு. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ஓவியம், இசை, தையல், உடற்கல்வி ஆகியவற்றுக்குச் சிறப்பாசிரியர் பணி இருக்கிறது. அந்த வரிசையில் நாடகம் இல்லை. நாடகப் பட்டதாரி கற்றதைக் கற்பிக்கப் பள்ளியில் இடம் கிடைப்பதில்லை. சினிமா, தொலைக்காட்சி, தன்னார்வ அமைப்புகள் ஆகியவற்றை நோக்கியே அவர் போக நேர்கிறது. அரையர் வீட்டில் கற்றவருக்குக் கோயில் இருந்தது. கம்பெனியில் கற்றவருக்குக் கொட்டகை இருந்தது. பட்டம் பெற்றவருக்குப் பள்ளி வகுப்பறை கிடைக்கும்போதுதான் இந்த மூன்றாம் கட்டம் முந்தைய இரண்டைப் போல் தன் காலில் நிற்கும்.